ஊர்ப் பள்ளிக்கு நிதி திரட்டும் பெண்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் பள்ளிக்கூடங்களுக்காகவும் ஊர்ப் பொதுக் காரியங்களுக்காகவும் நிதி திரட்டும் பெண்கள் குழு ஒன்றில் நான் பல ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்தும், கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கமிருந்தும் இதே வேலையைத் தொடங்க நினைக்கும் பெண்கள் வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். வரி, பதிவு தொடர்பான விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், அந்த இடங்களில் ஒரு ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலஞ்சு வீட்டுப் பொம்பளைங்க சேர்ந்து என்னத்த பெருசா பண்ணிடப் போறோம்?

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயருக்குப் பின்னால் ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்ற மூன்று எழுத்துகள் இன்றும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தைக் குறிக்கும். அந்தச் சங்கத்துப் பெண்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தலைமையில் புற்றுநோய் நிவாரண நிதி என்று ஒன்றைத் திரட்டியதால்தான் 1954இல் 12 படுக்கைகளுடன் அந்த மருத்துவமனை பிறந்தது. 1927இல் புனேயில் கூடிய அகில இந்திய மாதர் மாநாடும் பெண் கல்வியைப் பற்றிப் பேசத்தான் முதலில் கூடியது. பிறகு அவர்கள் கல்விக்கென்றே நிதி திரட்டியதன் பயனாக 1932இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி வந்தது.

நம் மலையில் தேவைகள் அவ்வளவு பெரியவை அல்ல. கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், சத்துணவுக் கூடத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, மாலைப் படிப்புக்கு ஒரு விளக்கு என்று நாலு பேர் சேர்ந்து ஒரு மாதத்தில் முடிக்கக்கூடியவையே அதிகம்.

முதல்ல பணம் சேர்க்கணுமா, பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேக்கணுமா?

முதலில் பள்ளிக்குப் போக வேண்டும். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். நாங்கள் தொடங்கிய ஆண்டில், குளிருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்து, யாரையும் கேட்காமல் மேல்மலைப் பள்ளி ஒன்றுக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போனோம். மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை ஆகியவற்றை அரசே விலையில்லாமல் கொடுக்கிறது என்பதை அன்று நாங்கள் விசாரிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் ஸ்வெட்டர் ஏற்கெனவே இருந்தது. பாடநூல், நோட்டு, சீருடை, பை, செருப்பு ஆகியவையும் அரசு கொடுப்பவையே. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் தொடக்கப் பள்ளிகளுக்கு இருக்கிறது. இவற்றில் எது வந்தது, எது வரத் தாமதமாகிறது, எது அளவு சரியில்லாமல் வந்தது என்பது அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்குத்தான் தெரியும்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. வகுப்பறைக்குள் அழைத்துப்போய்த் தரையில் உள்ளங்கையை வைத்து, ‘நீங்களும் வைத்துப் பாருங்கள்’ என்றார். மூடுபனி இறங்கிய ஜூலை மாதக் காலை. சிமென்ட் தரை ஈரமாக, கை விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உரச்சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தவை தேங்காய் நார்ப் பாயும் உட்காரும் பலகைகளும்தான். ஸ்வெட்டருக்குச் செலவழித்ததில் பாதிப் பணத்தில் அது முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான்: பள்ளிக்கு வெறுங்கையோடு போவது, தேவைகளைத் தலைமையாசிரியர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குவது, அதற்கு விலை விசாரிப்பது, அதன் பிறகே மக்களிடம் பணம் கேட்பது. இப்படிச் செய்தால் இன்ன பள்ளிக்கு இன்ன பொருள், இவ்வளவு தொகை என்று சொல்லிக் கேட்க முடிகிறது, கொடுப்பவர்களும் தயங்குவதில்லை.

தலைமையாசிரியர் சரின்னு சொன்னா போதுமா, வேற யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?

பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லித் தீர்மானமாக எழுத வைப்பது நல்லது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் நமக்குத் தெரிந்த முகங்களோடுதான் பேசப் போகிறோம். பாய், பலகை, புத்தகம் போன்ற பொருள்களுக்கு இதுவே போதும். சுவர் எழுப்புவது, கூரை மாற்றுவது, மின் இணைப்பு ஆகியவற்றுக்கு கல்வித் துறை அலுவலரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வேறு துறையின் கீழ் வருபவை என்பதால், அங்கே அந்தத் துறை அலுவலரிடம்தான் கேட்க வேண்டும்.

சங்கமா பதிவு பண்ணியே ஆகணுமா அக்கா?

ஒரே ஒரு முறை ஒரு பள்ளிக்குப் பாய் வாங்கிக் கொடுப்பதற்குப் பதிவு தேவையில்லை. தெரிந்தவர்களிடம் வாங்கி, செலவு செய்து, கணக்கை எழுதி ஒட்டிவிட்டால் முடிந்தது. ஆண்டுதோறும் தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கை 20ஐத் தொட்டுவிட்டால் பதிவு கட்டாயம். பதிவு செய்த பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டம், தணிக்கை செய்த கணக்கு, ஆண்டறிக்கை ஆகியவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஒருவர் பொறுப்பேற்கத் தயாராக இருந்தால் மட்டும் பதிவுக்குப் போகுமாறு சொல்வேன்.

என்னோட ஜிபே நம்பருக்கே அனுப்பச் சொல்லலாமா? எல்லாருக்கும் என்னைத் தெரியுமே.

வேண்டாம். உங்களை நம்பாததால் சொல்லவில்லை. பிள்ளைகளின் பணமும் உங்கள் வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் ஓடினால், மூன்று மாதம் கழித்து எது எதுவென்று உங்களாலேயே பிரிக்க முடியாது. வருமான வரிக் கண்ணோட்டத்திலும் அது உங்கள் வருமானமாகவே தெரியும். பதிவு செய்த சங்கம் என்றால் சங்கத்தின் பெயரில் கணக்கு திறந்து, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். பதிவு இல்லையென்றால், இரண்டு பேர் சேர்ந்து இதற்கென்றே ஒரு கூட்டுக் கணக்கு திறந்து, அதில் வேறு எந்தப் பணமும் புழங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து ரூபாய்க்கெல்லாம் ரசீது எழுதணுமா?

கையில் வாங்கும் பணம் எவ்வளவு சிறிதானாலும் எழுத வேண்டும். வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், நடுவில் கார்பன் தாள், நகல் புத்தகத்திலேயே தங்க வேண்டும். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல், குறுக்கே கோடு போட்டு இரண்டு தாள்களையும் அப்படியே விட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கேரட் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கிச் சுருக்குப்பையில் பத்திரமாக வைத்தார். அடுத்த ஆண்டு அதே ரசீதை எடுத்துக் காட்டி, அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பலகை வந்ததா என்று கேட்டார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகக் கண்டிப்பான தணிக்கை அதுதான்.

உண்டியல் வைத்தால் ஒவ்வொருவருக்கும் ரசீது எழுத முடியாது. அதற்குப் பதிலாக, வைக்கும்போதே மூடியின்மேல் காகிதப் பட்டை ஒட்டி இருவர் கையெழுத்திட்டு, திறக்கும்போது குழுவில் இல்லாத ஒருவரையும் உட்கார வைத்து, பாயில் கொட்டி எண்ணி, நோட்டு எத்தனை, நாணயம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணிய பணம் மறுநாளே வங்கிக்குப் போய்விட வேண்டும்.

எங்க மகளிர் குழுல சேமிப்புப் பணம் இருக்கு. அதையே எடுத்துக் குடுத்துடலாமா?

சுய உதவிக் குழுவின் சேமிப்பு உறுப்பினர்களுக்குச் சொந்தமான பணம். அதை உள்கடனாகச் சுழற்றுவதற்கும் வங்கிக் கடன் பெறுவதற்கும் அந்தக் கணக்கு நடக்கிறது. நன்கொடைப் பணம் ஊருக்குச் சொந்தமானது. அதைக் கடனாகக் கொடுக்கவோ வட்டிக்கு விடவோ கூடாது, இரண்டே நாளில் திரும்பி வரும் என்றாலும் கூடாது. குழு உறுப்பினர்கள் தங்கள் பங்காக ஆளுக்கு ஒரு தொகை கொடுக்கலாம். ஆனால் அதைக் கையில் வாங்கி, மேலே சொன்னபடி ரசீது எழுதி, தனிக் கணக்கில் போடுங்கள். குழுவாகச் சேர்ந்து ஊறுகாய் போட்டு, அதன் லாபத்தைப் பள்ளிக்குக் கொடுப்பது இன்னும் நல்ல வழி.

எந்த மாசம் விற்பனை வச்சா காசு வரும்?

சுற்றுலாக்காரர்களிடம் விற்க வேண்டுமென்றால் ஏப்ரல், மே சீசன். ஆனால் அந்த இரண்டு மாதமும் நம் பெண்களில் பாதிப் பேர் விடுதிகளிலும் கடைகளிலும் வேலையில் இருப்பார்கள். விற்பனைக்கு ஆள் கிடைப்பது கடினம். ஜூன் கடைசியிலிருந்து காற்றும் சாரலும் தொடங்கிவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் பந்தல் போடுவதே வீண். உள்ளூர்க்காரர்களை நம்பி நடத்துவதற்குப் பொங்கலை ஒட்டிய வாரங்களே சிறந்தவை என்பது என் அனுபவம்: காலையில் பனி உறைந்தாலும் பத்து மணிக்குமேல் நல்ல வெயில் இருக்கும்.

இடத்துக்கு நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்கப்படுவதால், வத்தலக்குண்டு, பழனி பக்கமிருந்து காரில் உதவிக்கு வரும் உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பலகாரக் கடை போட்டா லைசென்ஸ் கேப்பாங்களா?

சிறு அளவில் உணவு தயாரித்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் சிறிது, விண்ணப்பம் இணையத்திலேயே முடிந்துவிடும். ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் ஒருவரை முன்னிறுத்திக் கடை போடுவது எளிது. மலைப்பூண்டு ஊறுகாய், பிளம்ஸ் ஜாம் போன்ற நாள்படும் பொருள்களின்மேல் தயாரித்த தேதியைக் கட்டாயம் எழுதி ஒட்டுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடைசெய்யப்பட்டது. நம் மலையில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் இருந்தால் போதும்.

குலுக்கல் சீட்டு அடிச்சு வித்தா சீக்கிரம் பணம் சேருமே?

சேரும். ஆனால் தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சீட்டு விற்று, குலுக்கலில் பரிசு கொடுப்பது நல்ல காரியத்துக்காக என்றாலும் சிக்கலில் கொண்டுபோய் விடும். பள்ளியின் பெயரும் அதில் இழுபடும்.

அதற்குப் பதிலாக ஏலம் விடுங்கள். கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தையும் வாழைத்தாரையும் ஏலம் எடுத்துப் பழகிய ஊர் இது. தாண்டிக்குடிக் காப்பிக்கொட்டையில் ஒரு மூட்டை, பருவத்தின் முதல் பேரிக்காய்க் கூடை, பூம்பாறைப் பூண்டு ஒரு சிப்பம் என்று விவசாயிகள் மனமுவந்து கொடுப்பார்கள். பள்ளிக்கென்று தெரிந்தால் பூண்டின் விலை எங்கே போய் நிற்கும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

80ஜி ரசீது குடுப்பீங்களான்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

80ஜி என்பது, நன்கொடை கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்காகச் சங்கத்துக்கு வருமான வரித் துறை தரும் அனுமதி. உங்கள் சங்கத்துக்கு அந்த அனுமதி இல்லையென்றால், இல்லை என்று உடனே சொல்லிவிடுங்கள். சங்கப் பதிவு வேறு, இந்த அனுமதி வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அனுமதி இருந்தாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்குமேல் கொடுத்த நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் பொதுவாக இந்தச் சலுகை இல்லை. பெருந்தொகை கொடுக்க விரும்புபவர் அரசுப் பள்ளிக்கு நேரடியாகவே கொடுக்கலாம்: 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் தளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வசதி இருக்கிறது. பணம் நம் வழியாகத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

கொடைக்கானல்ல படிச்சுட்டு வெளிநாட்டுல இருக்கிறவங்க பணம் அனுப்புறேன்கிறாங்க. வாங்கலாமா?

1901இல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளி முதல் பல விடுதிப் பள்ளிகள் உள்ள ஊர் என்பதால், மற்ற ஊர்களைவிட இங்கே இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. அனுப்புபவரின் பாஸ்போர்ட் எது என்பதைப் பார்க்க வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால், அவர் இந்த மண்ணில் பிறந்தவராக இருந்தாலும், விடுமுறைக்கு வந்த இடத்தில் ரூபாயாகவே கையில் கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது.

அனுமதி உள்ள வேறொரு நிறுவனத்தின் கணக்கில் போட்டு வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வந்த பணத்தை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதே தடைசெய்யப்பட்டுவிட்டது. அந்த நிறுவனமே நேரடியாகப் பள்ளிக்குச் செய்யட்டும். தேவைப் பட்டியலை நாம் கொடுத்து உதவலாம்.

பெரிய வேலை ஒண்ணு இருக்கு, நம்ம பணம் பத்தாது. அரசாங்கத்துகிட்ட மீதியை வாங்க முடியுமா?

சுற்றுச்சுவர், வகுப்பறை போன்றவற்றுக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தை விசாரியுங்கள். 1997இல் தொடங்கி, 2021இல் மறுபடி கொண்டுவரப்பட்ட திட்டம் இது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஊராட்சியின் வழியாக விண்ணப்பித்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்கலாம். இரண்டுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் முதல் தாளாக இருக்க வேண்டும்.

எங்ககிட்ட கொஞ்சம் நிதி இருக்கு. அங்கன்வாடி, நூலகம், இளைஞர் மன்றம்னு எல்லாரும் கேக்குறாங்க. யாருக்குக் குடுக்குறது?

விண்ணப்பத்தை ஒரே பக்கமாக வையுங்கள்: என்ன வேண்டும், எவ்வளவு, யாருக்குப் பயன், எப்போது முடியும் என்ற நான்கு கேள்விகள் போதும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்ல, நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அழகாக எழுதத் தெரிந்த ஊருக்கே ஆண்டுதோறும் பணம் போகும். பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட வராது. எங்களுக்கு இரண்டாண்டுகள் அப்படித்தான் நடந்தது. பிறகு நாங்களே நடந்துபோய்க் கேட்கத் தொடங்கினோம்.

கேட்பவர் குழு உறுப்பினரின் உறவினர் என்றால் அந்த உறுப்பினர் அன்றைய கூட்டத்தில் உட்காரக் கூடாது. தொகையைப் பணமாகக் கொடுக்காமல், பொருள் வாங்கும் கடைக்கே காசோலையாகக் கொடுங்கள். மறுத்தவர்களுக்குக் காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள். அடுத்த முறை அவர்கள் சரியாகக் கேட்பார்கள்.

பஸ் செலவு, டீ செலவை இதுலேயே எடுத்துக்கலாமா?

எடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதியிருந்தால், உண்மையான செலவுக்கு, சீட்டோடு எடுக்கலாம். கவுஞ்சியிலிருந்து ஒரு பெண் கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்றால் பஸ் காசையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அப்படிக் கட்டினால் வசதியுள்ளவர்கள் மட்டுமே குழுவில் மிஞ்சுவார்கள். எங்கள் குழுவில் இதற்கென்று உறுப்பினர்களே மாதச் சந்தா போட்டுத் தனி உறையில் வைத்திருக்கிறோம். மக்கள் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாயும் இதற்குப் போகவில்லை என்று சொல்ல முடிவது பெரிய பலம்.

பேர் போட்டு போர்டு வைக்கணும், பிள்ளைங்களோட போட்டோ எடுக்கணும்னு கொடுக்கிறவர் கேக்குறார்.

பெயரைக் கணக்கு ஒட்டும் பலகையில் எழுதலாம். பள்ளிச் சுவரில் எழுதுவதைத் தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் தீர்மானிக்க வேண்டும். கட்சிச் சின்னமோ கடை விளம்பரமோ வேண்டாம் என்று பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பொருளை நீட்டி, பிள்ளை கைநீட்டி வாங்கும் படத்தை நாங்கள் அனுமதிப்பதே இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடம். நாளைக்கும் அவள் அங்கே தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். பாய் விரித்த வகுப்பறையைப் படம் எடுத்து அனுப்பினால் கொடுத்தவருக்குப் போதும்.

கணக்கு பார்த்தா பணம் குறையுது. யாரையும் சந்தேகப்பட மனசு வரல.

யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் மறைக்கவும் கூடாது. ரசீது நகல்களை வரிசை எண்படி அடுக்கி, வங்கிப் பதிவோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு நேர்ந்தபோது, ஒரு ரசீது இரண்டுமுறை கூட்டப்பட்டிருந்தது. தேடியும் தெரியவில்லையென்றால், எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையை அப்படியே எழுதிக் கூட்டத்தில் வாசியுங்கள். ஒருவர் தன் கைப்பணத்தைப் போட்டுச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவது நல்ல மனம்தான் என்றாலும், அடுத்த முறை குறையும்போது எல்லோர் கண்ணும் அவர்மேல்தான் போகும்.

குழுவை நிறுத்திட்டா மீதிப் பணம் என்ன ஆகும்?

தொடங்கும் நாளிலேயே இதை எழுதி வையுங்கள். மீதிப் பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. இதே நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்கோ, கடைசியாக யாருடைய பெயரைச் சொல்லித் திரட்டினோமோ அந்தப் பள்ளிக்கோ போக வேண்டும். பதிவு செய்த சங்கம் என்றால் கலைப்பதற்கும் பதிவாளரிடம் முறைப்படி தெரிவிக்க வேண்டும். வங்கிக் கணக்கை மூடிய சீட்டின் நகலையும் கடைசி வரவு செலவையும், பணம் கொடுத்தவர்கள் வழக்கமாகப் பார்க்கும் அதே பலகையில் ஒட்டுங்கள். ரசீதுப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.